வன்னியராஜ் பேசிய எண்பத்தொரு நாள்

வன்னியராஜுக்கு வயது முப்பத்து நான்கு. நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறான். சீவலப்பேரிக்கு இரண்டு கிலோமீட்டர் மேற்கே உள்ள எங்கள் ஊரில் அவனுடைய வீடு என் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதற்கு அடுத்தது அவனுடைய தங்கை பிரியதர்ஷினியின் வீடு. ஆற்றின் நீர்மட்டத்தைக் காலையிலும் மாலையிலும் எழுதிவைப்பது முப்பத்தொரு ஆண்டுகள் என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு தெருவில் நடப்பதை எழுதுகிறேன். இதில் வரும் தேதியும் கணக்கும் அந்த டைரியிலிருந்து எடுத்தவை.

வன்னியராஜிடம் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. பேசும் பழக்கமும் கிடையாது. 2019இல் அவனுடைய பைக் தொலைந்து புகார் கொடுக்கப் போனபோது வண்டி என்ன நிறம் என்று கேட்டார்களாம். மேசைமேல் கிடந்த சிவப்புப் பேனாவைத் தொட்டுக் காட்டினான். என்ன மாடல் என்று கேட்டதற்கு, வாசலில் வேறொருவர் நிறுத்தியிருந்த வண்டியைக் காட்டினான். அந்த வண்டிக்காரர் பதறிப்போய்த் தன்னுடைய ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பெண் பார்க்க இரண்டு இடத்துக்குப் போனார்கள். இரண்டு வீட்டாரும் மாப்பிள்ளைக்கு வாய் பேச வருமா என்று தனியாக விசாரித்தார்கள். வரும் என்று சொல்லியும் நம்பவில்லை.

தொழிலும் அவனுக்கு ஏற்றதாக அமைந்துவிட்டது. மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். கீழே நின்று வழிகாட்டுபவர் பாபநாசம் என்ற ஐம்பத்திரண்டு வயதுக்காரர். அவர் முஷ்டியைத் தூக்கினால் வண்டி நிற்கும். உள்ளங்கையை மேலே காட்டினால் கதிர் வெட்டும் பகுதி மேலே போகும், கவிழ்த்தால் இறங்கும். இரண்டு விரலைச் சுழற்றினால் நெல்லை டிராக்டரில் கொட்ட வேண்டும். இருவரும் ஒரு சொல் இல்லாமல் ஒரு நாளில் பத்து ஏக்கர் அறுத்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் ஒருவர் சீனித் தண்ணீரில் விரலைத் தொட்டு அதன் நாக்கில் வைப்பார். சேனை தொடுவது என்பார்கள். தொட்டவருடைய குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்பதால் ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இப்போது டாக்டர்கள் கூடாது என்கிறார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் நடந்துவிடுகிறது. 2022 நவம்பர் 9, புதன்கிழமை, பிரியதர்ஷினிக்குப் பெண் பிறந்தது. பெயர் வேணி. அவளுக்குச் சேனை தொட வன்னியராஜைக் கூப்பிட்டவள் வடிவம்மாள். குழந்தையின் தகப்பன் மாரிராஜுக்கு அவள் மூத்த அக்காள்; அந்தக் குடும்பத்தில் அவள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. அவளுடைய சொந்த மகனுக்குச் சேனை தொட்டவர் ஓயாமல் பேசும் ஒரு சித்தப்பா. அந்த மகன் வாயைக் கொடுத்தே மூன்று வேலைகளை விட்டுவிட்டான். தம்பி பிள்ளையாவது அடக்கமாக வளரட்டும் என்றுதான் வடிவம்மாள் வன்னியராஜைத் தேடிப் பிடித்தாள்.

பிள்ளை அடக்கமாகத்தான் வளர்ந்தது. 2025 ஜனவரியில் இரண்டு வயது இரண்டு மாதம் ஆகியும் அதனிடம் இருந்தவை நான்கே சொற்கள். மா, தா, கா என்பவை மூன்று. நான்காவது, பூனையைக் கண்டால் மட்டும் வரும் ஒரு சத்தம்.

ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, பொங்கல் கழிந்து எல்லோரும் கூடியிருந்தபோது வடிவம்மாள் பேச்சை எடுத்தாள். சேனை தொட்டவனுடைய லட்சணம் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்றாள். அவனைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அங்கே இருந்த பதினோரு பேருக்கும் தெரியும். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் வேணிக்குக் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். திருச்செந்தூரில் மொட்டை போட்டபோது வன்னியராஜ் மடியில்தான் குழந்தை இருந்தது. இந்த முறை சிவகணேஷ் மடியில் வைப்பது என்று வடிவம்மாள் அறிவித்தாள்.

சிவகணேஷ் பிரியதர்ஷினியின் பெரியப்பா மகன். ஆக அவனும் தாய்மாமன் முறைதான். பாளையங்கோட்டையில், விழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் ரேடியோ செட் கடை வைத்திருக்கிறான். கோயில் கொடைவிழாக்களில் மைக்கைப் பிடித்தால் காணாமல் போன பிள்ளை முதல் தவறவிட்ட செருப்பு வரை நிறுத்தாமல் அறிவிப்பான்.

"வாய் உள்ளவன் மடியில இருந்தாத்தான் பிள்ளைக்கு வாய் வரும்" என்றாள் வடிவம்மாள்.

மாரிராஜ் கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் அவள் கொஞ்சம் இறங்கிவந்தாள். உத்திரத்துக்குள் பிள்ளை தன்னை அத்தை என்று கூப்பிட்டுவிட்டால் மடி வன்னியராஜுக்கு. இல்லாவிட்டால் சிவகணேஷுக்கு.

அன்று மாலை வன்னியராஜ் என் வீட்டுக்கு வந்தான். வாசல்படியில் பதினோரு நிமிஷம் நின்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினான். பூப்போட்ட கம்மல், குழந்தைக்கு. பிறந்த வருஷமே வாங்கி வைத்துவிட்டான் போலிருக்கிறது.

"என் மடி, அண்ணாச்சி" என்றான். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை, அங்கன்வாடி டீச்சர் முத்துராணி எடை பார்க்க வந்தார். ஒரு கையில் தராசு, ஒரு கையில் குழந்தை என்பதால் எழுதுவதற்கு என்னைக் கூப்பிட்டார். எடை பத்தரைக் கிலோ. அதை எழுதிய பிறகு அவர் கிளம்பவில்லை. நாற்காலியை ஓரமாகப் போட்டுக்கொண்டு வேணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேணி முஷ்டியைத் தூக்கினாள். பிரியதர்ஷினி மிக்சியை நிறுத்தினாள். உள்ளங்கையை மேலே காட்டினாள், மாரிராஜ் தூக்கிக்கொண்டான். கவிழ்த்துக் காட்டினாள், இறக்கிவிட்டான். இரண்டு விரலைச் சுழற்றினாள். வன்னியராஜ் எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டான். டீச்சர் என்னை எண்ணச் சொன்னார். இருபது நிமிஷத்தில் குழந்தை பதினான்கு உத்தரவுகள் போட்டது. பதின்மூன்று உடனே நிறைவேறின. ஒன்று மட்டும் நிறைவேறவில்லை. அது பூனைக்கு இட்டது.

சாயங்காலந்தோறும் மாமனோடு இருந்து அறுப்பு மெஷின் பாஷை முழுவதையும் அவள் படித்துவிட்டாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வீட்டார் மூவரும் பாபநாசத்துக்குக் கட்டுப்பட்ட மெஷின் மாதிரி அவளுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள்.

"இவளுக்கு எதுக்குப் பேச்சு?" என்றார் டீச்சர். "வாயத் தொறக்காமலே எல்லாம் நடக்குதுல்லா. நானா இருந்தாலும் பேச மாட்டேன்."

முதலில் காதைச் சோதித்துவிட்டு வரச் சொன்னார். இருபத்திரண்டாம் தேதி பாளையங்கோட்டைக்குப் போய்ப் பார்த்தார்கள். காது நன்றாகக் கேட்டது. அதன்பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை டீச்சர் விவரமாகச் சொன்னார். சாடை காட்டினால் உடனே எழுந்து ஓடக் கூடாது. மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு, அவள் ஏதாவது சத்தம் கொடுக்கிறாளா என்று பார்க்க வேண்டும். பழமா முறுக்கா என்று இரண்டையும் காட்டிக் கேட்க வேண்டும். எதைச் செய்தாலும் செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். அதுவும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதுபோல் இல்லாமல் விளையாட்டோடு விளையாட்டாக. போனைக் கையில் கொடுக்கவே கூடாது. இதைச் செய்ய யார் தோதான ஆள் என்று கேட்டபோது எல்லோரும் வன்னியராஜைப் பார்த்தார்கள். ஏனென்றால் வேணி விளையாடப் போவது அவனிடம் மட்டும்தான்.

அவன் தலையை ஆட்டினான். எந்தப் பக்கமாக ஆட்டினான் என்பது தெளிவாகத் தெரியவில்லை.

டீச்சர் முதல்நாள் செய்து காட்டினார். ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, செம்பில் மொண்டு, "மொள்ளுதோம், ஊத்துதோம், ஐயோ கொட்டிட்டு, சட்டை நனைஞ்சு போச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டே போக, குழந்தை சிரித்தது. பிறகு வன்னியராஜை உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆறு நிமிஷம் கழித்து, "செம்பு" என்றான். எல்லோரும் காத்திருந்தோம். மேலும் இரண்டு நிமிஷம் கழித்து, "செம்புதான்" என்றான்.

அன்றைக்கு அவ்வளவுதான்.

பிசானப் பருவத்து நெல் அறுப்பு தொடங்கிவிட்டது. மெஷின் அம்பாசமுத்திரம் பக்கம் போயிற்று. மற்ற வருஷங்களில் பருவம் முடியும்வரை அங்கேயே தங்கிவிடுவான். இந்த வருஷம் தினமும் பைக்கில் வந்து போனான். ஒரு வழிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர். பனி காய்ந்த பிறகுதான் கதிரில் மெஷினை இறக்க முடியும் என்பதால் காலையில் அவனுக்கு அவகாசம் இருந்தது. ஆறரை முதல் ஏழேகால் வரை வேணியோடு விளையாட்டு. பேச்சுக்கான ஒத்திகையை மெஷினுக்குள் வைத்துக்கொண்டான். அங்கேதான் யாருக்கும் கேட்காது. "வரப்பு வருது. திரும்புதேன். கொக்கு நிக்கி. கொக்கு பறந்துட்டு" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே அறுத்திருக்கிறான்.

கீழே நின்ற பாபநாசத்துக்குச் சத்தம் கேட்கவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பதினேழு வருஷப் பழக்கத்தில் அப்படி ஒரு காட்சியை அவர் கண்டதில்லை. பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரு பெண்ணோடு பேசுகிறான் என்று முடிவு செய்தார். ஒரு வாரத்தில் சேதி ஊருக்கு வந்து சேர்ந்தது. வரும் வழியில் அந்தப் பெண்ணுக்கு ஊர், படிப்பு, ஒரு தம்பி எல்லாம் கிடைத்துவிட்டன. வடிவம்மாள் அவனைப் பிடித்து நேராகவே கேட்டாள். அவன் உண்மையைச் சொன்னான்.

"கொக்குகிட்ட பேசுதேன், மைனி."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. குடும்பத்தில் இன்னொரு கவலை கூடிப்போயிற்று என்று மட்டும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பழக்கம் வாயில் ஒட்டிக்கொண்டது. பிப்ரவரி 6ஆம் தேதி காலை சங்கரசுப்பிரமணியன் டீக்கடையில் நானும் இருந்தேன். வன்னியராஜ் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "உக்காருதேன்" என்றான். டீ வந்தது. "டீ வந்துட்டு. சூடா இருக்கு. ஊதுதேன். குடிக்கேன்" என்றான். கடையில் இருந்த ஏழு பேரும் கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். சங்கரசுப்பிரமணியன் பைய வந்து அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஏல, ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. எந்திரிக்கேன். போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். பேசாதவன் பேசினால் நல்லதற்கில்லை என்று கடையில் ஒரு கருத்து நிலவியது.

இவ்வளவு பேசியும் வேணியிடம் புதிதாக ஒரு சொல்லும் வரவில்லை. டீச்சர் வந்து பார்த்தார். அவன் பேசுவதில் குறை இல்லை; மற்றவர்கள் காத்திருப்பதில்தான் குறை என்றார். பத்து எண்ண வேண்டிய இடத்தில் பிரியதர்ஷினி மூன்றிலேயே பாலைக் கொடுத்துவிடுகிறாள். மாரிராஜ் இரண்டைத் தாண்டியதில்லை. பிள்ளையின் முகம் கோணுவதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இந்த ஊரில், ஒருவர் எதிரே ஒன்றும் பேசாமல், ஒன்றும் செய்யாமல், சங்கடப்படாமல் உட்கார்ந்திருக்கக் கூடிய ஆள் ஒருவன்தான் உண்டு. அதை டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அவனைப் பேசச் சொன்னதில் அவனுடைய அந்தத் திறமையைத் தானும் மறந்துவிட்டதாகச் சொன்னார்.

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக் குழாய் வேலையில் மிஞ்சிய மூன்றடி பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அவன் வாங்கிப் போனான். படியில் சாய்த்துவைத்து, ரப்பர் பந்தை மேலே வைத்து, "உடு" என்று சொல்லிக்கொண்டே பந்தை விட்டான். பந்து குழாய்க்குள் ஓடிக் கீழே வந்து விழுந்தது. குழந்தைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஐந்து முறை அப்படிச் செய்தான். ஆறாவது முறை பந்தை மேலே வைத்துப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். வேணி விரலைச் சுழற்றினாள். அவன் அசையவில்லை. உள்ளங்கையைக் காட்டினாள், முஷ்டியைக் காட்டினாள், காலை உதைத்தாள். பிரியதர்ஷினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் குழந்தையின் முகத்தை அன்பாகப் பார்த்தபடி, ஆற்றோரத்துப் பாறை மாதிரி இருந்தான். என் கடிகாரத்தில் நான்கு நிமிஷம் இருபது விநாடி ஆயிற்று.

"உடு" என்றாள் வேணி.

விட்டான். அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் அந்தச் சொல்லை அவள் முப்பத்தொரு முறை சொன்னாள். பூனையிடம் சொன்னாள், குழாயடியில் நின்று சொன்னாள், தகப்பனுடைய கைலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அதன் பிறகு தடையில்லை. தண்ணி, கொக்கு, வேணாம், போ, இன்னும், பந்து என்று ஒவ்வொன்றாக வந்தன. மார்ச் 9ஆம் தேதி பத்தொன்பது சொற்கள். ஏப்ரல் 6ஆம் தேதி நாற்பத்தொன்று.

இடையில் பிப்ரவரி 23ஆம் தேதி சிவகணேஷ் வந்திருந்தான். வடிவம்மாள்தான் வரவழைத்தாள், மடியில் இருக்கப் பிள்ளை பழக வேண்டுமே. நல்ல மனுஷன், குழந்தைகள்மேல் பிரியம் உள்ளவன். நாற்பது நிமிஷம் வேணியோடு பேசினான். இது என்ன என்று கேட்பான், பந்து என்று அவனே சொல்வான். பந்து என்ன நிறம் என்பான், பச்சை என்று சொல்லிவிட்டு, சரியான பதில் என்று அவனே பாராட்டுவான். குழந்தை அவனுடைய வாயையே பார்த்தது. ஒரு சொல் சொல்ல அதற்கு இடம் கிடைக்கவில்லை. போகும்போது, பிள்ளை நன்றாகத்தான் பேசுகிறது என்று அவன் எங்களிடம் சொன்னான்.

வடிவம்மாளும் சும்மா இருக்கவில்லை. உள்ளூர அவளுக்கும் ஆசைதான். தினமும் சாயங்காலம் வந்து, எதிரே உட்கார்ந்து, "அத்தை சொல்லு, சொல்லுளா, அத்தை, எங்க சொல்லு" என்று மூச்சுவிடாமல் கேட்பாள். சொல்லு சொல்லு என்றால் பிள்ளைகள் சொல்லாது என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். விளையாட்டில் தானாக வர வேண்டும், கொஞ்சம் விட்டுக் கேளுங்கள் என்றார். தனக்கு விளையாட நேரம் இல்லை என்று வடிவம்மாள் சொல்லிவிட்டாள். வன்னியராஜ் அவள் வரும்போதெல்லாம், "அத்தை வாராங்க, அத்தை உக்காருதாங்க" என்று வேணிக்குச் சொல்லிக் காட்டினான். ஆனால் அத்தை உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வேறு யாரும் பேச முடியாது. ஏப்ரல் 10ஆம் தேதி வியாழக்கிழமை மாலைக் கணக்கு நாற்பத்து மூன்று சொற்கள். அவற்றில் அத்தை இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, பங்குனி உத்திரம். டீச்சர் வந்து எடை பார்த்த நாளிலிருந்து எண்பத்தொரு நாள். சாஸ்தா கோயில் தோப்பில் எங்கும் பொங்கல் அடுப்புப் புகை. காது குத்த எட்டுப் பிள்ளைகள் இருந்தன, வேணி மூன்றாவது. வடிவம்மாள் ஜமுக்காளத்தை விரித்து சிவகணேஷை உட்காரவைத்தாள். வன்னியராஜ் வம்பு செய்யவில்லை. கம்மல் டப்பாவைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு ஒரு தென்னை மரத்தோடு ஒட்டி நின்றுகொண்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆகவே மணியைப் பார்த்தேன். பத்து இருபத்தாறு.

வேணியை மடியில் வைத்ததும் சிவகணேஷ் தொடங்கிவிட்டான். குரங்கைப் பார், மரத்தைப் பார், ஆசாரி மாமாவைப் பார் என்றான். வடிவம்மாள் நேர்மையானவள், கடைசி வாய்ப்பையும் கொடுக்க நினைத்தாள். எதிரே முழந்தாளிட்டு, குழந்தையின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, அத்தை சொல்லு, அத்தை சொல்லு என்று கேட்டாள். ஒரு நிமிஷத்தில் ஒன்பது தடவை. பத்தாவது தடவைக்கு வாயைத் திறந்தபோது புகை தொண்டையில் ஏறி அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அதே நேரத்தில் சிவகணேஷின் போன் அடிக்க, அவன் பேச்சை நிறுத்திவிட்டுப் பையில் கையை விட்டுத் தேடினான்.

ஏழு விநாடி இருக்கும். அந்த மூன்று மாதத்தில், அத்தையும் அந்த மாமாவும் இருக்கும் இடத்தில் வேணிக்குக் கிடைத்த முதல் இடைவெளி அது. அவள் வடிவம்மாளின் முகத்தைப் பார்த்தாள். தன் கன்னத்திலிருந்த கைகளைப் பார்த்தாள்.

"அத்தை, போ" என்றாள்.

இரண்டு சொல்லைச் சேர்த்து அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. வடிவம்மாள் கையை எடுத்தாள். இது கணக்கில் சேருமா சேராதா என்று கூட்டத்தில் இரண்டு அபிப்பிராயம் எழுந்தது. மரியாதையாகக் கூப்பிடவில்லையே என்றார் ஒருவர். வடிவம்மாளின் கணவர் குமரவேல், மனைவி எதிரில் அதிகம் பேசாதவர், முன்னால் வந்தார்.

"நீ கேட்டது வந்துட்டுல்லா. கூட ஒண்ணும் சேத்துத்தான் தந்திருக்கா" என்றார்.

காது குத்தும் ஆசாரிக்கு, வேணிக்குப் பின்னால் இன்னும் ஐந்து பிள்ளைகள் காத்திருந்தன. கையில் கம்பியோடு அவர் எரிச்சலாகக் கேட்டார்.

"தாய்மாமன் யாருவே? சட்டுனு வாரும்."

சிவகணேஷ் விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். அவன் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள், தென்னை மரத்தடியிலிருந்து, "நான்தான்" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவு பெரிய குரல் வன்னியராஜுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. ஆசாரியே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். வடிவம்மாள் தானே எழுந்து, சிவகணேஷை எழுப்பிவிட்டு, ஜமுக்காளத்தின் சுருக்கத்தைக் கையால் நீவி இடம் செய்து கொடுத்தாள்.

இடது காது பத்து முப்பத்தொன்பது, வலது காது பத்து நாற்பத்தொன்று. வேணி தோப்பே அதிரும்படி அழுதாள். வன்னியராஜ் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தான். அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது, புகையும் இருந்தது.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். வடிவம்மாள் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடமும், அவள் இறங்கிய பிறகு அந்த இடத்துக்கு வந்தவளிடமும், கடைசியில் டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டரிடமும், தம்பி மகள் கோயிலில் வைத்து முதல் முதலாகத் தன்னைத்தான் கூப்பிட்டாள், அதுவும் அட்சர சுத்தமாக அத்தை என்று, என்பதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டாவது சொல்லை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்த எங்கள் ஊர்க்காரர் பதினாறு பேரும் சொல்லவில்லை.